பிரெஞ்சு ராஜா ராணி பீங்கான் சிலைங்க ஏன் பெயிண்ட் இல்லாம வெள்ளையாவே இருக்கு?
காசு இல்லாமலா, இதெல்லாம் செஞ்ச செவ்ர் பீங்கான் ஃபேக்டரியே 1759லருந்து ராஜா பதினஞ்சாம் லூயிக்கு சொந்தம், கப்பு சாசர்ல தங்கமா பூசித் தள்ளுனவங்கதான். இந்த மார்பளவு சிலைங்களுக்கு மட்டும் வேணும்னே பெயிண்டும் அடிக்கல, கிளேஸும் (பீங்கான் மேல கண்ணாடி மாதிரி பளபளக்குற பூச்சு) போடல, 1750கள்ல வந்த டெக்னிக், பிஸ்கெட்னு சொல்வாங்க. கிளேஸ் போட்டா சூளைல உருகி பள்ளத்துலெல்லாம் தேங்கிரும், கண் இமை, லேஸ், முடிச்சுருள் எல்லாம் மொழுக்குனு ஆயிரும். போடாம விட்டா அப்படியே சலவைக்கல்லுல செதுக்குன லுக்கு, ஆனா சின்ன கீறல் விழுந்தாக்கூட மறைக்க வழியில்ல, அதான் இதுல கஷ்டமே. மோல்டுல தனித்தனி துண்டா எடுத்து ஒட்டி சுடுவாங்க, சுடும்போது சுருங்கும், அதனால மோல்டையே கொஞ்சம் பெருசா செய்யணும். ராணி மேரி அன்டோனெட் சிலைய தேடிப் பாருங்க, புவாசோங்கற சிற்பி செஞ்சது, 1773லருந்து செவ்ர்ல சிற்பப் பிரிவ நடத்துனவரு. கலர் அடிச்சிருந்தா வெறும் பொம்மையா போயிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.