பிரெக்சிட் கேள்வி பதில்: வாக்குச்சீட்டில் எழுதப்படாத பாதி

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனின் ஹரோ பகுதியில் வாழ்கிறேன். அந்நாட்டின் அரசியலமைப்பைக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன். 2016இல் ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்று வாக்களித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பதில்களைப் படிப்பவர்கள் அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு எடைபோடுவதே முறை.

கேள்வி (சட்ட மாணவி, மதுரை): ஐயா, 51.9 விழுக்காட்டுக்கும் 48.1 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. இவ்வளவு பெரிய முடிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று ஏன் நிபந்தனை வைக்கவில்லை?

பதில்: 2016 ஜூன் 23 அன்று விலகலுக்கு ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம் வாக்குகளும் நீடிப்புக்கு 1 கோடியே 61 இலட்சம் வாக்குகளும் விழுந்தன. வாக்குரிமை பெற்றவர்களில் 72.2 விழுக்காட்டினர் வாக்களித்தனர். பிரித்தானியாவில் ஒரே ஆவணமாக எழுதிவைத்த அரசியலமைப்பு இல்லை, நாடாளுமன்றமே அங்கே உச்ச அதிகாரம் உடையது. எனவே ஒவ்வொரு பொது வாக்கெடுப்புக்கும் உரிய விதிகளை நாடாளுமன்றம் அவ்வப்போது இயற்றும் சட்டமே முடிவு செய்கிறது. 1979இல் ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். பதிவான வாக்குகளில் 51.6 விழுக்காடு ஆதரவாக இருந்தும், அந்த நிபந்தனை நிறைவேறாததால் திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. இருந்தும் 2015இல் இயற்றிய வாக்கெடுப்புச் சட்டத்தில் அத்தகைய வரம்பு எதுவும் இல்லை.

சட்டத்தின் கண்ணில் அந்த வாக்கெடுப்பு அறிவுரை மட்டுமே. ஆனால் அன்றைய பிரதமர் டேவிட் கமரனின் அரசு வீடுவீடாக அனுப்பிய சிறுநூலில், இது உங்கள் முடிவு, நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும் என்று அச்சிட்டிருந்தது. அந்த நூல் என் வீட்டுக் கதவின் தபால் துவாரம் வழியாகவும் வந்து விழுந்தது. அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு, விளைவு பிடிக்கவில்லை என்றதும் அறிவுரைதானே என்று சொல்வது எந்த அரசாலும் இயலாது. இயலக்கூடாது என்பதும் என் கருத்து.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): ஒன்றியத்தின் பணத்தால் அதிகம் பயன்பெற்ற ஊர்களே விலகலுக்கு வாக்களித்தன என்கிறார்கள். அம்மக்கள் அறியாமையால் வாக்களித்தார்களா?

பதில்: அறியாமை என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அந்தச் சொல்லே இந்தச் சச்சரவைப் பல ஆண்டுகள் எரியவிட்ட எண்ணெய்களுள் ஒன்று.

சண்டர்லாந்து நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 61.3 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தனர். 1986இல் திறந்த நிசான் தொழிற்சாலை அந்நகரின் முக்கியமான வேலைத்தளம், அதில் தயாராகும் கார்களில் பெரும்பகுதி கடல் கடந்து விற்பனைக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் தம் சோற்றுப் பானையைத் தாமே உடைத்தார்கள் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அதே நகரில் கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988இல் மூடப்பட்டது, கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. தகப்பனும் பாட்டனும் செய்த தொழில் போனபோது இலண்டனில் யாரும் தம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற நினைவு அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. வேல்ஸின் பிளைனா குவென்ட் பகுதியில் உருக்காலை 2002இல் மூடப்பட்டது. பிறகு ஐரோப்பிய நிதியில் சாலைகளும் கல்லூரிக் கட்டடமும் வந்தன, ஆனால் போன வேலைகளுக்கு ஈடான வேலைகள் வரவில்லை. அங்கே 62 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தார்கள்.

லிங்கன்ஷயரில் உள்ள பொஸ்டன் நகரின் கதை வேறு. 2004இல் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அவற்றின் தொழிலாளர்களுக்குப் பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளே உடனடியாகக் கதவைத் திறந்தன. காய்கறிப் பண்ணைகள் நிறைந்த அந்தச் சிறு நகருக்குக் குறுகிய காலத்தில் கிழக்கு ஐரோப்பியர் பெருந்தொகையாக வந்தார்கள். வந்தவர்கள் உழைப்பாளிகள். ஆனால் அதற்கேற்ப மருத்துவ நிலையங்களையும் பள்ளிக்கூடங்களையும் பெருக்க அரசு முன்வரவில்லை என்பது ஊராரின் குறை. அங்கே விலகலுக்கு 75.6 விழுக்காடு விழுந்தது. நானும் குடியேறியவன்தான். ஆயினும் அவர்களின் குறையில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி (சென்னை): வாரத்துக்கு 35 கோடி பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது என்று விலகல் தரப்பினர் தம் பிரசாரப் பேருந்தில் எழுதியது பொய்தானே?

பதில்: தவறான கணக்கு. பிரதமராக இருந்த மார்கரெட் தட்சர் 1984இல் ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் பேசிப் பெற்ற கழிவை, அதாவது தள்ளுபடியை, கழிக்காத மொத்தத் தொகை அது. கழிவு பிரித்தானியாவிலேயே கழிக்கப்பட்டதால் அந்த முழுத்தொகை ஒருபோதும் ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸுக்குப் போகவில்லை. நாட்டின் புள்ளிவிவர ஆணையமும் அந்த எண் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று கண்டித்தது. ஆனால் நீடிப்புத் தரப்பு செய்த பிழை ஒன்று உண்டு. அந்த எண் தவறு என்று அவர்கள் விளக்க விளக்க, பெரும்பணம் போகிறது என்ற செய்திதான் மக்கள் மனத்தில் ஊன்றியது. அவர்கள் தரப்பிலும் விலகினால் உடனே அவசர வரவுசெலவுத் திட்டம் வரும், வரி உயரும் என்று நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் எச்சரித்தார். அந்தத் திட்டம் வரவேயில்லை.

கேள்வி (மட்டக்களப்பு): குடியுரிமை பெறாத தமிழர்களும் வாக்களித்தார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் பிரித்தானியாவில் முறைப்படி வசித்தால் அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டும் இந்தியக் கடவுச்சீட்டும் வைத்திருந்தவர்கள் வாக்களித்தார்கள், இருபது ஆண்டுகள் அங்கே வரி கட்டிய பிரெஞ்சுக்காரரோ போலந்துக்காரரோ வாக்களிக்க முடியவில்லை. என் முறைக்காக வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒருவர் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். வாக்குச்சாவடியில் நூலில் கட்டிவைத்திருக்கும் பென்சிலால் குறியிட்டால் இரவோடு இரவாக அழித்துவிடுவார்கள் என்ற அச்சம் அப்போது பரவியிருந்தது. பென்சில் அங்கே நெடுங்கால வழக்கம். அந்த மனிதரின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தபோதுதான், அரசின் மீது நம்பிக்கை எந்த அளவுக்குக் குன்றிவிட்டது என்று எனக்கு உறைத்தது.

கேள்வி (திருச்சி, அரசியல் பாட ஆசிரியர்): மக்கள் முடிவு சொன்ன பிறகும் நாடாளுமன்றம் மூன்று ஆண்டுகள் ஏன் தடுமாறியது?

பதில்: நான் எழுத வந்ததன் நடுப்பகுதி இதுதான், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா, ஒன்றியத்தை விட்டு விலக வேண்டுமா என்று மட்டுமே வாக்குச்சீட்டு கேட்டது. விலகி எங்கே போவது என்று கேட்கவில்லை. நோர்வேயைப் போல, சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தையில் இருந்துகொண்டு ஒன்றியத்தில் சேராமல் இருக்கலாம். துருக்கியைப் போலச் சுங்க ஒன்றியம், அதாவது தமக்குள் சுங்க வரி இல்லாமல் வெளியாருக்கு ஒரே வரி என்ற ஏற்பாடு, மட்டும் வைத்துக்கொள்ளலாம். கனடாவைப் போல வணிக ஒப்பந்தத்தோடு நிற்கலாம். ஒப்பந்தமே இல்லாமல் உலக வணிக அமைப்பின் விதிகளுக்குப் போகலாம். இந்த நான்கையும் விரும்பியவர்கள் ஒரே கட்டத்தில் குறியிட்டார்கள். வாக்குகள் எண்ணப்பட்ட மறுநாள் காலை, ஒவ்வொருவரும் தம் வழியைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல இடம் கிடைத்துவிட்டது.

கமரனுக்குப் பின் பிரதமரான தெரேசா மே 2017 மார்ச் 29 அன்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவின்படி விலகல் கடிதம் கொடுத்து, இரண்டு ஆண்டுக் கெடுவைத் தொடக்கிவைத்தார். எந்த வழி என்று நாட்டுக்குள் பேசி முடிக்காமலே கடிகாரத்தை ஓடவிட்டது பெரும் தவறு. அதே ஆண்டு ஜூனில் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையையும் இழந்தார். அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 202க்கு 432 என்று தோற்றது. முழுமையாக விலகவில்லை என்று ஒரு சாராரும், விலகவே கூடாது என்று இன்னொரு சாராரும் எதிர்வாக்குப் போடுவதற்கான ஒரே கூடத்தில் நின்றார்கள். மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று சுங்க ஒன்றியத் திட்டம் 276க்கு 273 என்று மூன்றே வாக்குகளில் விழுந்தது. அன்றிரவு நான் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரு தரப்பும் பொறுக்கக்கூடிய ஒரு முடிவு அவ்வளவு அருகில் வந்து தவறியது இன்றைக்கும் எனக்கு வேதனை தருகிறது.

கேள்வி (கொழும்பு): வட அயர்லாந்து ஏன் இவ்வளவு பெரிய சிக்கலானது?

பதில்: வட அயர்லாந்து பிரித்தானியாவின் பகுதி, அதை ஒட்டிய அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. பிரித்தானியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே உள்ள முதன்மையான தரை எல்லை இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. 500 கிலோமீட்டர் அளவு நீளம், 200க்கும் மேற்பட்ட சாலைக் கடவைகள். பிரித்தானியாவோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று 3,500க்கும் அதிகமானோர் உயிரிழந்த முப்பதாண்டு மோதலுக்குப் பிறகு, 1998 ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளி அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. காவலரண்கள் மறைந்தன, இன்று காரில் போகிறவர் சாலைக் குறிகளின் நிறத்தைப் பார்த்தே நாடு மாறியதை அறிகிறார். பிரித்தானியா சுங்க ஒன்றியத்தை விட்டால் சரக்குகளை எங்கோ ஓரிடத்தில் சோதிக்க வேண்டும். தரையில் சோதித்தால் அமைதிக்கு ஆபத்து, வட அயர்லாந்துக்கும் பிரித்தானியாவின் மற்றப் பகுதிக்கும் இடையே உள்ள கடலில் சோதித்தால் தம்மைத் தாய்நாட்டிலிருந்து பிரித்துவிட்டதாக, பிரித்தானியாவோடு இணைந்திருக்க விரும்பும் ஒன்றிணைவுவாதிகளுக்குக் கோபம். மேயை அடுத்துப் பிரதமரான பொரிஸ் ஜோன்சன் கடலில் சோதனையை ஏற்றார். அதை எதிர்த்து சனநாயக ஒன்றிணைவுக் கட்சி விலகி நின்றதால் வட அயர்லாந்தின் ஆட்சி 2022 பெப்ரவரி முதல் 2024 பெப்ரவரி வரை முடங்கியது. 2023இல் ஒன்றியத்தோடு செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு சோதனைகளைக் குறைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1998இல் அந்த உடன்படிக்கையை மக்களிடம் விட்டபோது, முழு வாசகத்தையும் அச்சிட்டு வட அயர்லாந்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினார்கள். மக்கள் படித்து, வீட்டில் பேசி, 71 விழுக்காடு ஆதரவு கொடுத்தார்கள். 2016இல் அப்படி வீட்டுக்கு அனுப்ப ஓர் உடன்படிக்கையே இருக்கவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): அப்படியானால் இரண்டாவது வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டுமா?

பதில்: 2018 நவம்பரில் விலகல் ஒப்பந்தத்தின் வாசகம் கைக்கு வந்ததும், இந்த வாசகம் வேண்டுமா என்று கேட்டிருந்தால் அது நேர்மையான கேள்வி. ஆனால் இரண்டாவது வாக்கெடுப்பு கேட்ட இயக்கத்தில் முன்னின்ற பலர் முதல் முடிவை இல்லாமல் ஆக்குவதே தம் நோக்கம் என்பதை மறைக்கவில்லை. டென்மார்க்கும் அயர்லாந்தும் ஐரோப்பிய ஒப்பந்தங்களை வேண்டாம் என்ற பிறகு மறுபடியும் வாக்களிக்க வைக்கப்பட்டன என்று விலகல் தரப்பினர் சுட்டிக்காட்டியபோது, அதற்கு மனத்தில் தைக்கும் மறுமொழி எங்களிடம் இல்லை. 50ஆம் பிரிவை மீளப் பெறக் கோரிய மனுவில் 60 இலட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டார்கள். பெரிய எண்தான், ஆயினும் 1 கோடியே 74 இலட்சத்துக்கு அது விடையாகாது. 2019 டிசம்பர் தேர்தலில் ஜோன்சன் 80 இடப் பெரும்பான்மை பெற்றதும் அந்த வாதம் முடிந்தது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரித்தானியா விலகியது.

கேள்வி (சிங்கப்பூர்): இதற்கு முன் வேறு யாரும் விலகியதுண்டா?

பதில்: முழு உறுப்பு நாடு எதுவும் இல்லை. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்து 1982இல் வாக்கெடுப்பு நடத்தி, 1985இல் அன்றைய ஐரோப்பியச் சமூகத்திலிருந்து விலகியது. மீன்பிடி உரிமையே முக்கிய காரணம்.

கேள்வி (இலண்டனில் உணவகம் நடத்துபவர்): நான் விலகலுக்கு வாக்களித்தேன். ஐரோப்பியர் வருவது நின்றால் எங்கள் ஊர்ச் சமையற்காரர்களை வரவழைக்கலாம் என்றார்கள். உங்களைப் போன்றவர்கள் எங்களை ஏமாளிகள் என்கிறீர்கள்.

பதில்: தம்பி, உங்களை ஏமாளி என்று நான் எண்ணவில்லை. தெற்காசிய உணவகத்தாரிடம் அந்த உறுதி வெளிப்படையாகவே கொடுக்கப்பட்டது. உங்கள் தொழிலை நினைத்து வாக்களித்தீர்கள், அது உங்கள் உரிமை. 2021இல் தகுதிகளுக்குப் புள்ளி கொடுத்து வேலை விசா வழங்கும் முறை வந்த பின், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் மிகவும் கூடினார்கள். வந்தவர் தொகையிலிருந்து போனவர் தொகையைக் கழித்த நிகரக் குடியேற்றம் 2023இல் 9 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவர்களில் மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களுமே மிகுதி. சமையற்காரருக்கு விதித்த சம்பள வரம்பு சிறு உணவகங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. குடியேற்றம் குறையும் என்று நம்பிய பொஸ்டன்காரரும், சமையற்காரர் வருவார் என்று நம்பிய நீங்களும் ஒரே கட்டத்தில் குறியிட்டீர்கள். இருவர் விருப்பமும் ஒருசேர நிறைவேற வழியில்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

கேள்வி (பரிஸ்): அன்றாட வாழ்வில் என்ன மாறியது?

பதில்: நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், நீண்டகால உற்பத்தித் திறன் 4 விழுக்காடு குறையும் என மதிப்பிடுகிறது. பெருந்தொற்றும் எரிபொருள் விலையும் கலந்துவிட்டதால் சரியான அளவு பற்றிப் பொருளியலாளரிடையே வாதம் தொடர்கிறது. எனக்குத் தெரிந்தது சிறியது. என் தங்கை ஒவ்வொரு ஆண்டும் மட்டன் ரோல்ஸ் செய்து, பெட்டியில் அடுக்கி, பரிஸின் லா சப்பலில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோவாள். 2021 முதல் பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஒன்றியத்துக்குள் கையில் கொண்டுபோக முடியாது. இப்போது அவள் மிளகாய்த்தூள் மட்டும் கொண்டுபோகிறாள்.

கேள்வி (தஞ்சாவூர்): பிரித்தானியா மீண்டும் சேருமா?

பதில்: ஒன்றிய ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கலாம், ஆனால் 27 நாடுகளும் ஒருமனமாக ஏற்க வேண்டும். இப்போதைய தொழிற்கட்சி அரசும் அதைக் கேட்கவில்லை. 2025 மே மாதத்தில் இலண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கப் பேச இசைந்தார்கள், ஐரோப்பியப் படகுகளுக்கான மீன்பிடி அனுமதியை 2038 வரை நீட்டினார்கள். அதற்கே மீனவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. என் பேரப்பிள்ளைகள் காலத்தில் இன்னொரு வாக்குச்சீட்டு வருமானால், தட்சர் பெற்ற கழிவு திரும்பக் கிடைக்குமா, யூரோ நாணயத்தை ஏற்க வேண்டுமா, யார் படகு எந்தக் கடலில் வலை வீசும் என்ற விவரங்களை எழுதிய ஒப்பந்தம் முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் வரட்டும். அதன் பிறகு பென்சிலைக் கொடுக்கட்டும்.