ஓராண்டு முழுவதும் வீடியோ கேம் விளையாடியதைத் திரும்பிப் பார்த்தால் வீணாகப் போனதாகத் தோன்றுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. ஆண்டிறுதியில் வந்த விளையாட்டுக் கணக்கில் மணிநேரங்களைக் கூட்டிப் பார்த்துத் திடுக்கிட்டீர்கள் என்பது ஒன்று. அந்த நேரத்தில் ஒரு மொழியையே கற்றிருக்கலாமே என்பது இன்னொன்று. முதல் வரி உங்களுடையது. இரண்டாவது வரியை உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பந்தயம் கட்டுகிறேன். எனக்கும் அதையே சொன்னார்கள். சொன்னவர் மாலை நேரங்களைத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிக்கொடுத்தவர். அவர் இதுவரை கற்ற மொழி எது என்று நான் கேட்கவில்லை. பெரியவர், போகட்டும்.

மணிநேரத்தை அளவுகோலாக வைத்தால் எந்த விளையாட்டு ஆண்டும் அசிங்கமாகத்தான் தெரியும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2022 முதல் தருகிற ஆண்டுத் தொகுப்பு போன்ற ஏதோ ஒன்றைத்தான் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு விளையாட்டு திறந்திருந்த நேரத்தை எண்ணுகிறது. நீங்கள் விளையாடினீர்களா, எழுந்து போய்த் துணி மடித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. என் பட்டியலில் முதலிடம் எல்டன் ரிங் என்ற சண்டை விளையாட்டுக்கு. அதில் வழக்கமான முறையில் ஆட்டத்தை நிறுத்திவைக்க முடியாது. தொலைபேசி வந்தால் அருகிலிருக்கும் ஒளிவிடும் ஓய்விடத்தில் கதாபாத்திரத்தை உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். என் வீரன் அப்படி உட்கார்ந்திருந்த நேரம் அவன் சண்டையிட்ட நேரத்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன். கணக்கில் எல்லாமே நான் 'விளையாடிய' நேரம்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து, கேமுக்கு அடிமையாவதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது என்பார். அறிவித்தது உண்மைதான். 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் அது இருக்கிறது. ஆனால் அந்த வரையறையை ஒருமுறை படித்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். விளையாட்டின் மீதான கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாகிவிட வேண்டும். கெடுதல் கண்ணெதிரே நடந்தும் தொடர வேண்டும். குடும்பம், படிப்பு, வேலை போன்றவை கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். இந்த நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். இத்தனை மணிநேரம் விளையாடினால் நோய் என்று அதில் எங்கும் எழுதவில்லை. உங்கள் ஆண்டு இந்த வரையறைக்குள் வருகிறது என்றால் என் பதிலை இங்கேயே மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், கிண்டலாகச் சொல்லவில்லை. வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

எனக்கு இந்த ஆண்டின் பெரிய விஷயம், பட்டியலின் அடியில் கிடக்கும் ஒரு விளையாட்டு. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018-இல் வந்தது. லூகாஸ் போப் ஏறக்குறைய தனியாளாகவே உருவாக்கியது. பழைய கணினித் திரைபோல இரண்டே நிறம். 1802-இல் புறப்பட்டுக் காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் 1807-இல் ஆளில்லாமல் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டுப் பரிசோதகர். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், அவர்களுக்கு என்ன ஆனது, கொலை என்றால் கொன்றவர் யார் என்று ஒரு பேரேட்டை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. கையில் ஒரு மாயக் கடிகாரம். எலும்புக்கூட்டின் அருகே அதைத் திறந்தால் சில விநாடிகள் பேச்சும் சத்தமும் கேட்கும். பிறகு அந்த உயிர் பிரிந்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து நடந்து பார்க்கலாம், எதையும் தொட முடியாது.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இதில் உங்களுக்கு யாரும் உதவ மாட்டார்கள். இங்கே போ என்று அம்புக்குறி கிடையாது. எவர் முகத்தின் மேலும் பெயர் மிதக்காது. ஒருவர் பேசும் உச்சரிப்பு, சீருடை, யாருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிறார், சாப்பாட்டு மேசையில் எங்கே உட்கார்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். ஊகமாக எழுதித் தப்பிக்கவும் முடியாது. மூன்று பேரின் விவரம் முழுதும் சரியாக இருந்தால்தான் பேரேடு அவற்றை உறுதிசெய்யும். இரண்டு சரி, ஒன்று தவறு என்றால் வாயே திறக்காது.

நான் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். என் தங்கை கேமைக் கையால் தொடாதவள். சோபாவில் படுத்துக்கொண்டு தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அண்ணா, அந்தத் தூளிப் படுக்கையில் ஏதோ எண் எழுதியிருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டாள். நான் அந்தக் காட்சியில் இரண்டு மாலைகளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எண் கண்ணில் படவே இல்லை. பணியாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு. இரண்டையும் பொருத்தினோம். கடகடவென்று மூன்று பேர் உறுதியானார்கள். அன்றிலிருந்து நான் அவள் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கடைசிவரை இணையத்தில் ஒரு வரி தேடாமல் 60 பேரையும் முடித்தோம். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். (துப்பைப் போட்டு உடைத்துவிட்டாயே என்று பாய வேண்டாம். எண்களைச் சொன்னேன், எந்தக் காட்சி, யார் யார் என்று சொல்லவில்லை. வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.)

அந்த விளையாட்டு எனக்கு ஆண்டுக் கணக்கில் ஒரு மெல்லிய கோடு. எல்டன் ரிங் தடிமனான பட்டை. எது இந்த ஆண்டு என்று கேட்டால் நான் கோட்டைத்தான் காட்டுவேன்.

அவுட்டர் வைல்ட்ஸ் என்ற விண்வெளி விளையாட்டும் அப்படித்தான். 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கும், நீங்கள் மறுபடி ஆரம்பத்தில் கண் விழிப்பீர்கள். புதிய ஆயுதமோ கூடுதல் பலமோ கிடைக்காது. முந்தைய சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும்தான் உங்களோடு வரும். ஒருமுறை தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், இரண்டாம் முறை அதே விளையாட்டு கிடைக்காது. இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குச் செய்கிற துரோகம்.

செலஸ்ட் என்ற, மலை மேல் தாவித் தாவி ஏறும் விளையாட்டைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு ஆள் வரும், இருந்தாலும் சொல்கிறேன். அதில் உதவி வசதி ஒன்று உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் வைக்கலாம், வேண்டுமானால் சாகாமலும் ஓடலாம். நான் வேகத்தைக் குறைத்து விளையாடினேன். மணிக்கட்டு வலி ஒரு காரணம். காரணமே இல்லாவிட்டாலும் குறைத்திருப்பேன். "அப்படியானால் நீங்கள் அதை முடித்ததாகவே ஆகாது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு ஒரு தகவல்: சாதாரண முறையிலேயே அந்த விளையாட்டு எல்லோருக்கும் கள்ளத்தனமாக உதவிக்கொண்டுதான் இருக்கிறது. விளிம்பிலிருந்து கால் நழுவிய பிறகும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தாவும் பொத்தானை ஏற்றுக்கொள்ளும். மூலையில் தலை லேசாக இடித்தால் சற்றே நகர்த்தி மேலே விட்டுவிடும். உருவாக்கியவர்களே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஹேடீஸ் என்ற சண்டை விளையாட்டில் 'கடவுள் முறை' என்று ஓர் உதவி வசதி உண்டு, அதுவும் இதே கருணைதான்: முதலில் நமக்கு விழும் அடியில் 20 சதவீதம் குறைப்பார்கள், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், 80 வரை. நான் எந்த நிறுவனத்தின் ஆளும் இல்லை. எனக்கு யாரும் இலவசப் பிரதி தந்ததில்லை. பல மாலைகளை மகிழ்ச்சியாகக் கழித்தவன், அவ்வளவே.

எல்டன் ரிங்கில் மலீனியா என்ற பெரிய எதிரியை நான் இன்னும் வீழ்த்தவில்லை. அவள் நம்மை அடிக்கும் ஒவ்வோர் அடியிலும் தன் உயிரை நிரப்பிக்கொள்கிறாள்; கேடயத்தில் தடுத்தாலும் நிரப்பிக்கொள்கிறாள். கதையை முடிக்க அவள் தேவையும் இல்லை. இருக்கட்டும் அங்கேயே.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கேட்காவிட்டாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த ஆண்டில் என்னை உண்மையில் வயிறெரிய வைத்தது நேரம் போனதல்ல. நானும் இரண்டு நண்பர்களும் காசு கொடுத்து வாங்கி வருடக்கணக்காக ஆடிவந்த ஓர் இணைய விளையாட்டின் சர்வரை மூடிவிட்டார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஒரு மின்னஞ்சல், நன்றி, போய் வருகிறோம். தனியாக ஆடக்கூடிய பகுதியும் அத்தோடு செத்தது, ஏனென்றால் அதுவும் திறக்கும்போது சர்வரைத்தான் கேட்கும். விதிமுறையைப் படித்தால், நாங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அதை ஆடும் அனுமதியை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: திரும்பப் பறிக்கக்கூடிய அனுமதியைத்தான் விற்கிறீர்கள் என்றால், 'வாங்கு' என்று பொத்தான் வைப்பதற்கு அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொன்னால் போதும், மூடலாம். இதற்கு ஒரு சட்டம்!

பழைய விளையாட்டுகளின் கதி இதைவிட மோசம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நேரத்தை வீணாக்கினாயே என்று என்னைக் கேட்பவர்கள், பிறர் உழைப்பை இப்படிக் குப்பையில் போடுகிறவர்களிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்களா?

சரி, உங்கள் விஷயம். அந்தக் கணக்கை இன்னொரு முறை எடுங்கள். தினமும் உள்ளே வந்து பரிசு வாங்கிக்கொள், இன்று வராவிட்டால் போய்விடும் என்று மிரட்டும் விளையாட்டுகள் அதில் இருந்தால் அவற்றைத் தனியே பிரியுங்கள். அவற்றில் போன நேரத்துக்கு வருந்தலாம், நானும் உங்களோடு சேர்ந்து வருந்துகிறேன். அந்த நேரம் ஆசைப்பட்டுக் கொடுத்ததல்ல, கறந்தது. மிச்சமுள்ளவற்றில் எதைப் பற்றியாவது யாரிடமாவது கால் மணிநேரம் நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மொழி கற்கச் சொன்னவரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

ஓப்ரா டின்னில் சிக்கிக்கொண்டவர்கள் கருத்துப் பெட்டியில் கேளுங்கள். பதில் சொல்ல மாட்டேன், ஆனால் எந்தக் காட்சியில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று சொல்வேன். தங்கையும் அனுமதித்துவிட்டாள்.