கணினி கேள்வி-பதில்: படம் ஓடுது, பாட்டு வரலை!

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கினோம். நான்காம் தலைமுறை ஐ5. உபுண்டு 24.04 (லினக்ஸ்) போட்டிருக்கிறோம். யூடியூபில் படம் ஓடுகிறது, சத்தம்தான் இல்லை. ஸ்பீக்கரைப் பின்பக்கம் பச்சைத் துளையில்தான் செருகியிருக்கிறோம். "லினக்ஸுக்கு டிரைவர் கிடைக்காதும்மா, விண்டோஸ் போட்டுக்குங்க" என்கிறார் கடைக்காரர். மகளுக்கு ஆன்லைன் வயலின் வகுப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: பர்ஸைத் திறக்காதீர்கள். 2003-ல் வந்த 2.6 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்தே 'ஆல்சா' என்ற ஒலி டிரைவர்கள் லினக்ஸோடு சேர்ந்தே வருகின்றன. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) 'ஏபிளே' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு ஹைபனும் சின்ன 'எல்'லும் (aplay -l) போட்டுப் பாருங்கள். உங்கள் தலைமுறை இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு கார்டு காட்டும்: மானிட்டர் கேபிளுக்கான ஹெச்டிஎம்ஐ ஒன்று, பச்சைத் துளைக்கான பிசிஹெச் ஒன்று. பெயர் வந்துவிட்டதா? டிரைவர் இருக்கிறது. சத்தம் மானிட்டர் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் யார் காதில் விழும்? செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போய், அவுட்புட்டை 'லைன் அவுட்' என்று மாற்றுங்கள்.

அப்போதும் ஊமையா? டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்' (alsamixer) என்று அடியுங்கள். முதலில் ஒற்றை ஒலியளவுக் கம்பம்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். எஃப்6 அழுத்தி பிசிஹெச் கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது. 'எம்' விசையைத் தட்டினால் 'ஓஓ' ஆகும். வலது கோடிக்கு நகருங்கள், 'ஆட்டோ மியூட் மோட்' இருக்கும். பழைய பெட்டிகளில் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். முன்பக்க ஹெட்போன் துளை தேய்ந்துபோனால், ஒன்றும் செருகாமலே செருகியதாக நினைத்துப் பின்பக்கத்தை அடைத்துவிடும். கீழ் அம்புக்குறியால் 'டிசேபிள்ட்' ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் 'டம்மி அவுட்புட்' மட்டும் காட்டுகிறதே?
- வாசகர், ஒயிட்ஃபீல்ட்

பதில்: உங்கள் விஷயம் வேறு. 'டம்மி அவுட்புட்' என்றால் ஒலி கார்டு எதுவும் சிக்கவில்லை என்று அர்த்தம். புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் இன்டெல் சில்லுக்குள்ளேயே ஒலிக்கென்று தனிப் பிராசசர் ஒன்று உண்டு. அதை இயக்க 'எஸ்ஓஎஃப்' என்ற ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும். உபுண்டுவில் 'ஃபர்ம்வேர் எஸ்ஓஎஃப் சைன்ட்' (firmware-sof-signed) என்ற பேக்கேஜைப் போட்டு, கெர்னலையும் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.