கடைசிச் சறுக்கலும் புதுப் படகும்: கேள்வி பதில்

குளிர் முற்றுமுன் இன்னும் ஒரு தடவை நீர்ச்சறுக்கு (படகு கயிற்றால் இழுக்க, தண்ணீர்மேல் சறுக்குவது) போகத் துடிப்பவர்களும், புதிதாக மோட்டார் படகு வாங்கியவர்களும் கேட்டவை இவை.

படகு வந்து நாலு நாள்தான் ஆகிறது. உடனே ஆளை இழுக்கலாமா சார்?

கொஞ்சம் பொறுங்கள். புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகிப் படிய வேண்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். தண்ணீரில் கிடக்கும் ஆளை எழுப்ப நின்ற இடத்திலிருந்தே வேகம் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளுவோம். முதல் பத்து மணி நேரத்தில் கூடாதது அதுதான். உங்கள் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முதல் ஆயில் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள், தேய்ந்த உலோகப் பொடி அதில்தான் மிதக்கும்.

நல்ல வெயில் அடிக்கிறது. வெட்சூட் (குளிர்நீருக்கான ரப்பர் உடை) அவசியமா?

வெயிலைக் கேட்காதீர்கள், தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால்கள் செயலிழக்கத் தொடங்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த முதல் நிமிடத்தில் காப்பாற்றுவது லைஃப் ஜாக்கெட். சறுக்குபவருக்கு ஆபத்து அடுத்த பத்து நிமிடம்: விறைத்த விரலால் கைப்பிடியையும் பிடிக்க முடியாது, ஏணியையும் பிடிக்க முடியாது.

வெட்சூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால் உடம்போடு இறுகியிருக்க வேண்டும். டிரைசூட் தண்ணீரை விடாது. ஆனால் மெல்லிய துணியில் தைத்ததென்றால் அதற்கென்று சூடு கிடையாது, உள்ளே கம்பளி உடை போடுங்கள். அப்புறம், கழுத்துப் பட்டையை விரலால் விலக்கிக் குந்தி உட்கார்ந்து காற்றைப் பிதுக்கிவிட்டு இறங்குங்கள். மறந்தால் காற்று காலுக்குப் போய்க் கால்களை மேலே தூக்கப் பார்க்கும்!

குளிருக்குப் படகைச் சுற்றித் திரை கட்டி ஓட்டலாமா?

வேண்டாம். பின்பக்கப் புகை உள்ளே சுழன்று வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜின் ஓடும்போது பின்பலகையில் யாரும் உட்காரவே கூடாது. இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

புதுப் படகுதான், ஒரே ஒரு ஆளை மட்டும் இழுத்தால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்க் நிரம்பியிருக்க வேண்டுமா, காலியாகவா?

ஏறக்குறைய நிரப்பி, விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள்.

தவறு அண்ணே. பெட்ரோல் கெட்டுப்போகும். நான் எப்போதும் காலி செய்துவிடுவேன்.

சொட்டுகூட இல்லாமல் காலி செய்கிறீர்களா? எப்படியும் அடியில் கொஞ்சம் தங்கும். டேங்குக்கு மூச்சுக்குழாய் உண்டு. பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் ஈரக் காற்று உள்ளே போய்வந்து சுவரில் வியர்க்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தைக் குடித்து, ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

நிரம்பிய டேங்கிலும் அதே எத்தனால்தானே இருக்கிறது?

சரி, ஒப்புக்கொள்கிறேன். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்டெபிலைசர் ஊற்றியபின் பத்து நிமிடமாவது இன்ஜினை ஓட்டுங்கள், மருந்து குழாய்களுக்குள்ளும் போகட்டும். கழற்றி முழுக்கத் துடைக்கக்கூடிய சின்ன டேங்க் என்றால் காலி செய்யும் அண்ணன் சொல்வதும் சரிதான். பாதி டேங்க் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராது.

இன்ஜினுக்குள் தண்ணீர் தங்கினால்?

உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், இன்ஜினின் உலோக உடலான பிளாக்கே விரிசல் விடும். வடிகால் அடைப்பான்களைக் கழற்றியபின் துளைக்குள் கம்பி விட்டுக் குத்துங்கள், துருவும் மணலும் அடைத்திருக்கும். படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின் என்றால் நிமிர்த்தி வைத்தாலே வடிந்துவிடும்.

புது இன்ஜினுக்கு முதல் பத்து மணி நேரம் என்றால் படகு வாங்கியதிலிருந்தா?

இன்ஜின் ஓடிய நேரம் ஐயா!

இந்த விளையாட்டை யார் தொடங்கியது?

ரால்ஃப் சாமுவேல்சன், 1922, அமெரிக்காவில் பெப்பின் ஏரி. அவரும் கோடையில்தான் பழகினார்.

ஆள் ஏணியில் ஏறும்போது நியூட்ரலில் வைத்தால் போதுமா?

போதாது. இன்ஜினை அணையுங்கள்.