கைவேலை கேள்வி – பதில்: ஃபெல்ட் துணியில் முதல் பொம்மை

கோடை விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை சேலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபெல்ட் பொம்மை பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

அஸ்தம்பட்டி வாசகி: வீட்டில் தையல் மெஷின் இல்லை. பள்ளியில் படித்த ஓட்டுத் தையல் மட்டும் தெரியும். முதல் பொம்மையாக ஒரு யானை தைக்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?

மெஷின் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஆனால் யானை வேண்டாம். தும்பிக்கை, வால், நாலு கால் என்று ஒல்லியான பகுதிகள் அதில் அதிகம்; தைக்கும்போது தெரியாது, பஞ்சு அடைக்கும்போது அழ வைக்கும். மாம்பழம் தையுங்கள். சேலத்துக்காரருக்கு அதன் உருவத்தை யாரும் வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு மூக்கு வளைவு, மற்றதெல்லாம் சீரான ஓரம். 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் இருந்தால் கைக்கு அடக்கமாக வரும்.

சின்னக் கடைவீதிப் பக்கம் ஃபேன்சி கடையில் ஃபெல்ட் என்று கேட்டால் இரண்டு விதம் காட்டுவார்கள். ஒன்று அட்டை மாதிரி விறைப்பானது. பள்ளி புராஜெக்ட்டுக்குச் சரி, பொம்மைக்கு ஆகாது. மூலையை மடித்து விட்டுப் பாருங்கள். சொங்கென்று தொங்கினால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தால் வேறு தாள் கேளுங்கள். அந்த மெல்லிய இடத்தில் தையல் பிய்த்துக்கொண்டு வரும். 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் போதும். மஞ்சளில் ஏ4 அளவுத் தாள் ஒன்று, இலைக்குப் பச்சையில் ஒரு துண்டு, ஆறு இழை எம்பிராய்டரி நூல், எம்பிராய்டரி ஊசி, 100 கிராம் பாலியஸ்டர் பஞ்சு. இந்தப் பஞ்சு மாம்பழத்தோடு தீராது, இன்னும் சில பொம்மைகளுக்கு வரும்.

கோணி ஊசி மாதிரி பெரியதை எடுக்காதீர்கள். ஃபெல்ட் நெய்த துணி அல்ல, நாரை அழுத்திப் பின்னிக்கொள்ள வைத்தது. அதனால்தான் வெட்டிய ஓரம் நூல் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. அதே காரணத்தால் பெரிய ஊசி போட்ட ஓட்டையும் மூடாமல் அப்படியே நிற்கும்.

காகிதத்தில் வரைந்த உருவத்தைக் குண்டூசியால் குத்தாமல், ஃபெல்ட்டின்மேல் செல்லோ டேப்பால் ஒட்டி, காகிதத்தோடு சேர்த்தே வெட்டுங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமான இரண்டு துண்டையும் அடுக்கி ஒரே வெட்டில் முடித்துவிடலாம் என்று தோன்றும். செய்தால் அடித் துண்டு நழுவி, இரண்டும் இரண்டு அளவாக வரும். இலை, காம்பு, கண், வாய் எதுவானாலும் இரண்டு துண்டும் தனித்தனியாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும். முடிச்சுகள் உள்ளே போய்விடும். மூடிய பிறகு கண் வைக்கலாம் என்று இருந்தால் முடிச்சை ஒளிக்க இடம் தேட வேண்டிவரும்.

அம்மாப்பேட்டை வாசகி: ஓரத்துக்குக் காஜா தையல் போட்டேன். சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் அகலம். ஓரமும் சுருங்குகிறது. கடைசியில் ஒரு பக்கத்துத் துணி அரை செ.மீ. மிஞ்சி நிற்கிறது. எங்கே தப்பு?

மூன்று தப்பு, மூன்றுக்கும் காரணம் வேறு. கடைசியிலிருந்து வருவோம். துணி மிஞ்சுவதற்கு வெட்டியது காரணமல்ல. தைக்கும்போது உங்கள் கட்டைவிரல் மேல் துண்டை ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நூல் அளவு தள்ளிக்கொண்டே போகிறது. தைக்கத் தொடங்குமுன் மேல், கீழ், இரண்டு பக்கம் என நாலு இடத்தில் துணிக் கிளிப் போட்டுவிடுங்கள். கிளிப் இருக்கும் இடம் வந்ததும் அதை எடுத்துத் தைத்துக்கொண்டே போனால், மிச்சம் என்று ஒன்று சேராது.

சுருக்கத்துக்குக் காரணம் இழுப்பு. நூல் ஓரத்தின்மேல் படுத்தால் போதும், ஓரத்தை வெட்டக் கூடாது. நூலை இழுத்தபின் ஓரம் பள்ளமாகத் தெரிந்தால் இழுப்பு அதிகம். விரலால் நூலை நகர்த்த முடிந்தால் குறைவு.

இடைவெளி ஒழுங்காக வர, முதல் இரண்டு பொம்மைக்கு 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டெய்லர் சாக் இல்லாவிட்டால், கருமையான துணிக்குத் தேய்ந்துபோன குளியல் சோப்புத் துண்டே போதும். பால்பாயின்ட் பேனா மட்டும் வேண்டாம், போகவே போகாது.

தையலின் தொடக்கத்தை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்து, ஒரு முழம் நூல் எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் சிக்கும், ஒவ்வொரு தடவையும் ஃபெல்ட்டில் உரசி உரசி நூல் பஞ்சாகவும் போகும். முடிச்சுப் போட்ட நூலை இரண்டு துண்டுக்கும் நடுவிலிருந்து முன் துண்டு வழியாக, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, வெளியே இழுங்கள். முடிச்சு நடுவில் மறைந்துவிட்டது. இப்போது பின் துண்டில் அதற்கு நேராகக் குத்தி, முன்பக்கத்து அதே ஓட்டை வழியாக வெளியே வாருங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் விழும். அதற்குள் ஊசியைப் பக்கவாட்டில் நுழைத்து இழுத்தால் நூல் ஓரத்தின்மேல் வந்து உட்காரும். இனி 4 மி.மீ. தள்ளி, முன்னாலிருந்து பின்னால் குத்துங்கள். நூலை முழுக்க இழுத்துவிடாமல், தொங்கும் வளையத்துக்குள் பின்பக்கமிருந்து ஊசியை விட்டு, பிறகு இழுங்கள். கூர்மையான முனை வந்தால் ஒரே ஓட்டையில் மூன்று தையல்: முனைக்கு முன் ஒன்று, முனையில் ஒன்று, பின் ஒன்று.

சுற்றளவைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு நூல் செலவாகும். 12 செ.மீ. மாம்பழத்துக்குச் சுற்றளவு 32 செ.மீ. அளவில் வரும், ஆகவே இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் மேலேயே வேண்டும். நூல் தீரும்போது ஐந்து விரற்கடை மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, இரண்டு துண்டுக்கும் நடுவில் முடிச்சுப் போடுங்கள். கடைசி அங்குலம் வரை இழுத்துத் தைப்பவர்கள் முடிச்சுப் போட முடியாமல் மாட்டிக்கொள்வார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி: தையல் நன்றாகவே வந்தது. பஞ்சு அடைத்ததும் முயல் பொம்மை கட்டி கட்டியாக இருக்கிறது, கை ஒல்லிக்குச்சி, தலை தொங்குகிறது.

பொம்மையின் அழகைத் தீர்மானிப்பது பஞ்சுதான். தையல் கொஞ்சம் கோணினாலும் நல்ல பஞ்சு வேலை அதை மறைத்துவிடும், நேர்மாறாக நடக்காது.

கட்டி விழுவது பெரிய பெரிய உருண்டையாகத் திணிப்பதால். பஞ்சை விரலால் பிய்த்து, உப்பவிட்டு, நெல்லிக்காய் அளவாக உள்ளே விடுங்கள். ஒவ்வொரு துணுக்கும் முன்னதோடு பின்னிக்கொள்ள வேண்டும். தூரத்து முனையில் தொடங்கி வாய்ப்பக்கம் (பஞ்சு அடைக்கத் தைக்காமல் விட்ட திறப்பு) வாருங்கள். தள்ளுவதற்குப் பென்சிலின் சீவாத பக்கம் நல்லது. கத்தரிக்கோல் முனை வேண்டாம், ஃபெல்ட்டைக் குத்திவிடும். அடைக்காத பஞ்சு பொம்மையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய குவியலாகத் தெரிந்தால்தான் அளவு சரி. மருந்துக்கடைப் பஞ்சு வாங்கி அடைத்தீர்களா என்று ஒரு சந்தேகம். அது அழுத்தினால் எழும்பாது, கல்லாகிவிடும்.

ஒல்லிக் கைக்குக் கணக்கு இருக்கிறது. தட்டையாக வெட்டியது உருண்டையாகும்போது அகலம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். 3 செ.மீ. அகலத்தில் கை வெட்டினால், இரு பக்கமும் 3 மி.மீ. தையலில் போக 2.4 செ.மீ.; அடைத்த பிறகு ஒன்றரை செ.மீ. பருமன்தான் கிடைக்கும். பென்சில்கூடச் சிரமப்பட்டு நுழையும். முதல் பொம்மைகளுக்குக் கையும் காலும் 4 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டுங்கள். அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் அடைக்காமல் இரட்டைத் துண்டாகத் தைத்து உடம்பின் ஓரத்தில் செருகிவிடலாம், முயல் காதுக்கு அதுவே அழகு.

தலை தொங்குவது கழுத்தில் காலி இடம் இருப்பதால். கழுத்தின் அகலம் தலையின் அகலத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. தலையை அடைத்ததும் உடம்புக்கு ஓடிவிடாமல், கழுத்தில் இரண்டு பங்கு இறுக்கமாகத் திணித்துவிட்டுக் கீழே இறங்குங்கள். வாயை 4 செ.மீ. விடுங்கள், நேர் ஓரத்தில். வளைவிலோ முனையிலோ விட்டால் மூடும் தையல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ஏற்காடு, ஒண்டிக்கடை வாசகி: வீட்டில் இலவம்பஞ்சு மூட்டையாக இருக்கிறது. பாலியஸ்டர் வாங்க மனமில்லை. அடைக்கலாமா?

அலமாரியில் வைக்கும் பொம்மைக்குத் தாராளமாக. விதையும் தூசியும் நீக்கியிருக்க வேண்டும். ஃபேனை நிறுத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடையுங்கள். அந்த நார் வழவழப்பு, ஒன்றோடொன்று பின்னாமல் பறக்கும். பாலியஸ்டரைவிட இறுக்கமாக அடைக்க வேண்டும், நாள்பட அமுங்கும்.

துவைக்கப்போகும் பொம்மைக்கு வேண்டாம். ஒரு தடவை நனைந்தால் உருண்டு கட்டியாகும், உங்கள் ஊர் மழை மாதங்களில் உள்ளே காய்வதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். பழைய தலையணைப் பஞ்சு எந்தப் பொம்மைக்கும் வேண்டாம்.

ஆத்தூர் வாசகர்: பொம்மை நிமிர்ந்து உட்கார அடியில் கனம் வேண்டும். இங்கே மலிவாகக் கிடைக்கும் ஜவ்வரிசியைப் போடலாமா?

ஆத்தூர்க்காரருக்குத்தான் இந்த யோசனை வரும்! வேண்டாம். ஜவ்வரிசி மரவள்ளி மாவு. ஈரம் பட்டால் பசை, காய்ந்தால் கட்டி, நடுவில் எறும்பும் வண்டும். அரிசி, கேழ்வரகுக்கும் இதே பதில். கழுவி நன்றாக உலர்த்திய பொடிக் கூழாங்கல்லைச் சிறு பருத்திப் பையில் இரட்டைத் தையல் போட்டு அடியில் வையுங்கள். அதுவும் கொலு பொம்மைக்கும் அலங்கார பொம்மைக்கும் மட்டும்.

கொண்டலாம்பட்டி வாசகி: இரண்டு வயதுப் பேத்திக்குத் தைக்கிறேன். பட்டன் கண் வைக்கலாமா?

கூடாது. பட்டன், மணி, கொலுசு முத்து எதுவும் மூன்று வயது வரை வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். ஒட்டும் பிளாஸ்டிக் கண்ணும் அப்படித்தான். கறுப்பு நூலால் கண்ணை நிரப்பித் தையுங்கள். தைத்து முடித்த பொம்மையை ஒவ்வொரு கையாகப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். குழந்தை இழுப்பதற்கு முன் நீங்கள் இழுப்பது நல்லது. மட்டமான சிவப்பு ஃபெல்ட் சாயம் விடும். வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஏற்காடு வாசகர்: எஸ்டேட் ஓரம் தினமும் பார்க்கும் காட்டெருமையைப் பொம்மையாகச் செய்ய ஆசை. நிற்க வைக்க முடியுமா?

நாலு காலில் நிற்க வயிற்றுப்பக்கம் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். அது ஐந்தாவது ஆறாவது பொம்மைக்கான வேலை. முதலில் படுத்திருக்கும் காட்டெருமை செய்யுங்கள், 15 செ.மீ. நீளம். அடையாளம் முழுக்க முதுகுக் கோட்டில் இருக்கிறது: தோளிலிருந்து மேடாக எழும்பி, நடு முதுகில் சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் இல்லாவிட்டால் வீட்டு எருமை. கொம்பும் அப்படியே: எருமைக்குப் பின்னால் சாயும், இதற்குப் பக்கவாட்டில் விரிந்து மேலே வளையும். வெளிர் மஞ்சளில் இரட்டைத் துண்டாக வெட்டி, அடைக்காமல் தைத்து, முனையை மட்டும் கறுப்பு நூலால் நிரப்புங்கள். நெற்றிக்குச் சாம்பல் துண்டு ஒன்று. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்குமே, அந்த வெள்ளைத் துண்டுகளை உடம்பை இணைக்குமுன்பே தைத்துவிடுங்கள். கரும்பழுப்புத் துணியில் அதே நிற நூல் கோணலையெல்லாம் மறைக்கும், ஆனால் ராத்திரி விளக்கில் தைத்தால் உங்களுக்கும் தெரியாது. பகலில் உட்காருங்கள்.

அதே வாசகர்: கோடை விழா சமயத்தில் இவற்றை விற்கலாமா?

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மை என்றால் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020-இல் வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை அது. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவுபெற்ற கைவினைஞர் தானே செய்து தானே விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே கடை போடுமுன் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.