பி.பார்ம் கேட்கும் மகளைத் தடுக்கும் முன்

அன்புள்ள அம்மா,

மகள் பி.பார்ம் என்ற மருந்தியல் பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுவதைச் சொல்லி, "மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கவா நான்கு வருடப் படிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அந்தக் கடையை நீங்கள் குறைத்து எடை போடுகிறீர்கள். அங்கே தொழிலைத் தொடங்கிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

1854இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஈலை லில்லி என்ற 16 வயதுப் பையன் ஒரு மருந்துக் கடையைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தான். அதே கடையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் மருந்து கலக்கவும் கணக்கு பார்க்கவும் கற்றான். 1861இல் கிரீன்காசிலில் சொந்தக் கடை வைத்தார். பிறகு வந்ததெல்லாம் அடிமேல் அடி. உள்நாட்டுப் போரில் எதிரிகளிடம் சிறைப்பட்டார். போர் முடிந்து மிசிசிப்பியில் செய்த பருத்தி விவசாயம் நொடித்தது. 1866இல் மனைவி இறந்தார். 1868இல் திவாலானார்.

அவரை மீட்டது பழைய கைத்தொழில்தான். மறு ஆண்டே இல்லினாய் மாநிலத்தின் பாரிஸ் நகரில் கூட்டாக மருந்துக் கடை திறந்தார். 1876 மே மாதம் இண்டியானாபொலிஸில் 1,400 டாலர் முதலும் மூன்று பணியாளர்களுமாக மருந்து தயாரிக்கத் தொடங்கினார். மூவரில் ஒருவன் அவருடைய 14 வயது மகன் ஜோசையா. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத சர்வரோக நிவாரணிகள் ஊரெல்லாம் விற்ற காலம் அது. லில்லியோ டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகளைத் தரமாகத் தயாரிப்பதென்று முடிவெடுத்தார். மலேரியாவுக்கான குயினைன் அவருடைய முதல் தயாரிப்புகளில் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த செய்திதான். கடையிலேயே தொழில் கற்ற அந்த மனிதர், மகனை ஃபிலடெல்ஃபியா மருந்தியல் கல்லூரிக்கு அனுப்பினார். 1882இல் பட்டத்தோடு திரும்பிய ஜோசையா ஆய்வுக்கூடப் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் அவர் தலைமையில்தான் அந்த நிறுவனம் இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உங்கள் மகளுக்கும் கடை அனுபவம், கல்லூரிப் படிப்பு இரண்டும் வேண்டும். பி.பார்ம் முடித்தால் மருந்து உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, மருத்துவமனைப் பணி எனப் பல வழிகள் உண்டு. அரசின் மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) பணிக்கும் இந்தப் பட்டம் தகுதியாகும். கல்லூரிக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரில் போய் ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூட்டிக் கிடந்தால் வேறு கல்லூரி தேடுங்கள். சேர்வதற்கு முன் இந்த விடுமுறையில், தெரிந்த மருந்தாளுநர் ஒருவரின் கடையில் சில வாரங்கள் உடனிருந்து பார்க்க மகளை அனுப்புங்கள். அதன் பிறகும் அவள் இதையே கேட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.