வில்லங்கச் சான்றிதழ் என்றால் என்ன? முதல் வீடு வாங்குபவர் அதை ஏன் பார்க்க வேண்டும்?

ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றைச் சார்பதிவாளர் அலுவலகம் தொகுத்துத் தரும் பட்டியல்தான் வில்லங்கச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம்.

ஏன் வேண்டும்? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இப்படிப் பதிவானவை எல்லாம் பட்டியலில் வருவதால், விற்பவர் வாய் திறக்காத, ஆனால் பதிவான பழைய அடமானம்கூட இதில் தலைகாட்டும். முப்பது ஆண்டுக் காலத்துக்கான சான்றிதழைக் கேட்பதிலும் பொருள் உண்டு. சொத்தை மீட்க வழக்குத் தொடரும் காலவரம்பு தனியாருக்குப் பெரும்பாலும் 12 ஆண்டு, அரசுக்கு 30.

வங்கிப் பாஸ்புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கி வழியே வந்துபோன பணம் எல்லாம் அதில் இருக்கும். பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாற்று இருக்காது. இங்கும் அப்படித்தான். பதிவு செய்யாத உயில், வெறுமனே மூலப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன், பங்கு கேட்கக் காத்திருக்கும் வாரிசு, எதுவும் இதில் தெரியாது. அதனால்தான் விற்பவரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். "நகல்தான் இருக்கிறது" என்று இழுத்தால், நான் முன்பணம் கொடுக்க மாட்டேன். சர்வே எண்ணைத் தவறாகக் கொடுத்தால் வேறொருவர் மனையின் வில்லங்கம்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

'வில்லங்கம் ஏதுமில்லை' என்று வந்துவிட்டால் விற்பவர்தான் உரிமையாளர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொத்தின் மீது எதுவும் பதிவாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.